சாய்ந்தால் ஓடும் வண்டி

இரண்டு சக்கர வண்டி என்றவுடன் நம் மனக்கண்முன் சைக்கிளே தோன்றும். அதன் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், அது பக்கவாட்டில் சாயக்கூடியது. முன்னும் பின்னும் எளிதில் கவிழ்வதில்லை. இன்று நான் கூற வந்த வண்டியில், மாட்டு வண்டியில் இருப்பதுபோல, பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்கள் அமைந்துள்ளன. மாடுகளை அவிழ்த்துவிட்டால் வண்டியின் நுகம் தரையில் படிந்துவிடுகிறதன்றோ? இவ்வண்டிக்கு மாடும் இல்லை, நுகமும் இல்லை. எனினும் அதன் சிறு மேடையில் ஓர் ஆள் ஏறி நின்றாலும் அது நிமிர்ந்தே நிற்கிறது. ஓடாமல் ஓரிடத்தில் நிற்கும்போதும் அது விழுவதில்லை.

செக்வே எனப்படும் இம்மின்சார வண்டியை அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 2001 டிசம்பரில் உலகுக்குக் காட்டினார். 2020 ஜூலையில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும் அதே தத்துவத்தில் இயங்கும் சறுக்குப் பலகைகளும் ஒற்றைச் சக்கர வண்டிகளும் பல நாடுகளில் இளைஞர் கைக்கு வந்துவிட்டன. ஆகவே செக்வேயின் இலக்கணத்தை அறிந்தவர் அதன் தம்பிகளையும் அறிந்தவராவார்.

மாணவ நண்பர்களே, உள்ளங்கையில் ஒரு நீண்ட குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். குச்சி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமாகக் கையை விரைந்து கொண்டுபோகிறீர்கள். குச்சியின் அடி அதன் தலைக்கு நேர்கீழே வந்துவிட்டால் அது மீண்டும் நிமிர்கிறது. செக்வேயில் குச்சியின் இடத்தில் நிற்பவர் நீங்கள். கையின் இடத்தில் இருப்பவை சக்கரங்கள். மேடையின் அடியில் உள்ள ஐந்து நுண்ணிய கைரோஸ்கோப்புகளும் பிற உணர்கருவிகளும் உங்கள் சாய்வை விநாடிக்குச் சுமார் 100 முறை அளந்து சொல்கின்றன. நீங்கள் முன்னே சாய்ந்தால், விழாமல் தாங்குவதற்காகச் சக்கரங்கள் முன்னே ஓடிவருகின்றன. அந்த ஓட்டமே பயணமாகிறது. முடுக்கும் கருவி என்றோ தடுக்கும் கருவி என்றோ அதில் தனியாக எதுவுமில்லை.

இவ்வண்டியில் ஏறும் வாய்ப்பு 2018-இல் வாஷிங்டன் நகரில் எனக்குக் கிட்டியது. பயிற்சி தந்த இளைஞர், “கைப்பிடியைப் பற்றி இழுக்காதீர்கள் ஐயா, சும்மா தொட்டுக்கொண்டிருங்கள்” என்றார். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு அவர் கற்பித்த முறை பிடித்திருந்தது. வேகத்தைப் பற்றிப் பேசுமுன் நிற்கக் கற்பித்தார். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பாதத்தின் பாரத்தை நுனிவிரல் பக்கமாக மெல்ல மாற்றினால் வண்டி நகர்கிறது. குதிகால் பக்கமாக மாற்றினால் தயங்கி நிற்கிறது.

புதிதாக ஏறுவோர் பெரும்பாலும் இடுப்பை வளைத்துத் தலையை முன்னே நீட்டுகின்றனர். அதனால் வண்டி நன்றாக ஓடாது. ஏன் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். குதிகால்கள் சுவரைத் தொடும்படி முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து காலைத் தொட முயலுங்கள்; முன்னால் தள்ளாடுவீர்கள். வழக்கமாகக் குனியும்போது நம்மை அறியாமலே இடுப்பு பின்வாங்கி, உடலின் ஈர்ப்பு மையத்தைப் பாதங்களுக்கு மேலேயே வைத்துக்கொள்கிறது. சுவர் அதைத் தடுத்துவிடுகிறது. வண்டியில் இடுப்பை வளைத்துக் குனிபவருக்குத் தலை முன்னே போனாலும் ஈர்ப்பு மையம் பெரிதும் இடம்பெயர்வதில்லை. கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் ஒரே கோடாகச் சாய வேண்டும். நிறுத்துவதற்கோ, நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னே கொண்டுபோக வேண்டும்.

இனி வேகத்துக்கு வருவோம். இவ்வண்டியின் உச்சவேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். மோட்டார்களுக்கு இதற்கு மேலும் சக்தி உண்டு. ஆயினும் அது பயணத்துக்கென்று தரப்படுவதில்லை. ஓட்டுவதும் தாங்குவதும் ஒரே மோட்டார்களின் வேலை என்பதே காரணம். 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நீங்கள் மேலும் முன்னே சாய்ந்தால், உங்களைத் தாங்கச் சக்கரங்கள் இன்னும் விரைந்து வரவேண்டும். அப்போது கையிருப்பில் சக்தி இல்லையேல் குப்புற விழுவதைத் தவிர வேறு வழியில்லை. இக்கையிருப்பை வேகத்துக்குச் செலவிடுவது, விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவதை ஒக்கும்.

எனவே எல்லையை நெருங்கியதும் வண்டி ஒரு தந்திரம் செய்கிறது. சக்கரங்கள் சிறிது முந்திச் சென்று மேடையைப் பின்பக்கமாகச் சாய்க்கின்றன. கைப்பிடி உங்களை நோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளலுக்கு இணங்கி உடலைப் பின்வாங்க வேண்டும். எதிர்த்து முன்னே சாய்பவர், தம்மைக் காக்கும் கையைத் தாமே முறுக்குகிறார். மின்கலம் வற்றும்போது கையிருப்பும் குறையும். 2003 செப்டம்பரில் சுமார் 6,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். மின்கலம் தீரும் நிலையில் ஓட்டுபவர் திடீரென வேகம் கூட்டினாலோ தடையில் மோதினாலோ, தாங்கப் போதிய சக்தி கிடைக்காமல் விழ நேர்ந்தது. வண்டிக்குள் இருந்த கணிப்பு நிரலை மாற்றி அக்குறையைச் சரிசெய்தனர்.

தொடக்க கால வண்டிகளில் வேகத்தை வரையறுக்க மூன்று சாவிகள் இருந்தன. கறுப்புச் சாவி பழகுநருக்கு உரியது. மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மஞ்சள் சாவி நடைபாதைக்கு உரியது, சுமார் 13. சிவப்புச் சாவி திறந்த வெளிக்கு உரியது. சாவிக்கேற்பத் திரும்பும் கூர்மையும் வேறுபடும். இவ்வேறுபாடு வேகத்தைவிட முக்கியமானது என்பது என் கருத்து. நேராகச் செல்பவரைவிட, விரைவாகச் சென்று சடக்கெனத் திரும்புபவரே பக்கவாட்டில் எறியப்படுகிறார். 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில், கைப்பிடித் தண்டை எப்பக்கம் சாய்க்கிறோமோ அப்பக்கம் வண்டி திரும்பும்; பழகுநர்க்கான அமைப்பு அதிலும் உண்டு. கைப்பிடியின் உயரத்தை ஏறக்குறைய இடுப்பளவாக வைத்தல் நலம். மிக உயர்ந்திருந்தால் மனிதர் அதில் தொங்கத் தொடங்கிவிடுவார்.

ஓட்டுபவரின் எடை 45 கிலோகிராம் முதல் 118 வரை இருக்கலாம் என்பது விதி. மேல் வரம்பின் காரணம் எவர்க்கும் விளங்கும். கீழ் வரம்பு எதற்கு? எடை மிகக் குறைந்த சிறுவன் எவ்வளவு பின்சாய்ந்தாலும், கனத்த வண்டியை நிறுத்தத்தக்க அளவுக்கு ஈர்ப்பு மையத்தை மாற்ற இயலாது; இறக்கத்தில் இது பேராபத்து. ஆகவே கீழ்வகுப்பு மாணவர் பலர் இதில் ஏறத் தகுதியற்றவரே.

இறக்கத்தில் மற்றொரு விந்தையும் உண்டு. இறங்கும்போது மோட்டார்கள் மின்சாரம் உண்டாக்கி மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. மின்கலம் முன்பே நிறைந்திருந்தால் அம்மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வண்டி எச்சரிக்கை செய்து இயக்கத்தை நிறுத்த முற்படும். அப்போது வந்த வழியே திரும்பிச் சிறிது மேட்டில் ஏறி, மின்கலத்தில் இடம் உண்டாக்கிக்கொண்டு மீண்டும் இறங்க வேண்டும். குன்றின்மேல் குடியிருப்பவர் காலையில் புறப்படுமுன் மின்கலத்தை முழுவதும் நிரப்பாமல் சற்றே குறையாக விட்டுவைப்பது வழக்கறிந்த செயல்.