சந்தகை ஆறுவதற்குள்

ரெண்டு நாள் ஊர் – 7

அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன கோடையில் இரண்டு நாள் லீவு போட்டு பிராக் நகரத்தைச் சுற்றி வந்தவன், அதற்குப் போட்ட திட்டத்தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கூட்டம் சேரும் முன் விடியற்காலை ஆறு மணிக்கு சார்லஸ் பாலம். 1357ல் கட்ட ஆரம்பித்தது. மணி அடிக்கும் நேரம் பார்த்துப் பழைய நகரச் சதுக்கம், அங்கே 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். மத்தியானம் குலாஷ் கறி. தெருவுக்குத் தெரு சுட்டு விற்கும் சுருள் கேக்குக்கு நேரே மட்டும் பெருக்கல் குறி. பழைய ஊர்ப் பலகாரம் என்று போர்டு வைத்திருந்தாலும் அது சுற்றுலாக்காரர்களுக்காகப் பின்னால் வந்த சரக்காம், உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறார்களாம்.

அடுத்த வாரமே போன்.

"மாமா, தை மாசம் கூட வேலை பாக்கற ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றனுங்க. ரெண்டு நாள்தான் இருக்குது. நம்மூரைக் காட்டோணும். நீங்கதான் ஒரு பிளான் போட்டுக் குடுக்கோணுங்க."

"அந்தியூர்ல ரெண்டு நாளைக்கு என்ன கண்ணு இருக்குது?" என்று கேட்டுவிட்டேன். ஊர்க்காரன் வாயில் முதலில் இதுதான் வரும்.

கேட்ட வெட்கத்தில் உட்கார்ந்து எழுதினால் பதினான்கு இடம் சேர்ந்துவிட்டது. சரிதானா என்று பார்க்க ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். இடிந்த கோட்டை, பத்ரகாளியம்மன், செல்லீஸ்வரர் என்று அந்தியூரிலேயே காலை ஓடிவிட்டது. பவானி கூடுதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நடை சாத்தியாயிற்று, இனி நாலு மணிக்குத்தான் என்றார் பூக்கார அம்மா. படித்துறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததில்தான் புத்தி வந்தது. பட்டியலைக் கிழித்துவிட்டு, நமக்காகக் காத்திருக்காத சங்கதிகளை மட்டும் எழுதினேன். மூன்றுதான் வந்தன: சந்தகை, கோயில் நடை, மலைப்பாதை. மற்றதெல்லாம் இடையில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே.

முதல் நாள் காலை சந்தகை. இது ஓட்டலில் சாப்பிடும் பண்டம் இல்லை, வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். புழுங்கலரிசியை ஊறவைத்து, வழவழவென்று ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி போகும் முன் சந்தகைக் கட்டையில் போட்டுப் பிழிய வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் மாவு இறுகிக்கொள்ளும், பிழிகிற கை வலித்துப்போகும். அதனால் ஒருவர் இட்லித் தட்டை எடுக்க, ஒருவர் கட்டையை அழுத்த, மூன்றாமவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க என்று வீடே சேர்ந்து செய்யும் வேலை. பாதிக்குத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும். மீதிக்கு எலுமிச்சை பிழிந்த தாளிப்பு. சர்க்கரை கவுந்தப்பாடியதாக இருந்தால் நல்லது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. வந்தவர்களையும் கட்டையை அழுத்தவிடச் சொல்லியிருக்கிறேன். பிராக்கில் அவனுக்கு இது கிடைத்திருக்காது.

எட்டரைக்குப் புறப்பட்டால் வெயில் ஏறும் முன் கூடுதுறை. காவிரியும் பவானியும் கண்ணுக்குத் தெரியும், அமுத நதி நம்பிக்கைக்கு. சம்பந்தர் பாடிய திருநணா இதுதான். இங்கே வந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் கதையும் இருக்கிறது. வில்லியம் காரோ என்ற கலெக்டர் பவானி பங்களாவில் தூங்கும்போது ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே கூட்டிப் போனாளாம். வெளியே வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாம். அந்தச் சிறுமி வேதநாயகி அம்மன்தான் என்று நம்பிய காரோ, 1804ல் அம்மனுக்குத் தந்தக் கட்டில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தார். கட்டில் இன்றும் கோயிலில் இருக்கிறது. உள்ளே போக முடியாத அவர் வெளியிலிருந்தே அம்மனைப் பார்க்கச் சுவரில் துளை போட்டார்கள் என்றும் காட்டுவார்கள். நம் விருந்தாளிகளும் எதுவரை போகலாம் என்பதை வாசலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

நடை சாத்துகிற நேரத்தில் தறிச்சத்தம் கேட்கும் தெருவுக்குப் போய்விடலாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் குழித்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அகல விரிப்பு என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் அக்கம்பக்கம் உட்கார்ந்து நாடாவைத் தள்ளிக்கொள்வார்கள். பேச்சே இருக்காது, கணக்குத் தப்பாது. வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள்.

மத்தியானத்துக்கு அரிசிம்பருப்பு சாதம். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மேலே நெய், பக்கத்தில் தயிர். இவ்வளவுதான். கொங்கு விருந்து என்று பதினெட்டு வகை அடுக்கும் கடைகள் பெருகிவிட்டன. பல வகை அந்தச் சுருள் கேக் ஜாதி. பள்ளிபாளையம் சிக்கன் அப்படியில்லை, நம் பக்கத்துச் சரக்குதான். ஈரோட்டுக்கு எதிர்க்கரை ஊர். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கிள்ளிப்போட்ட வரமிளகாய், தேங்காய்ச் சில். மசாலாப் பொடி சேர்த்துச் செந்நிறக் குழம்பில் மிதந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரிக்கு அது.

இரண்டாம் நாள் மலை. அந்தியூரிலிருந்து கொள்ளேகால் போகும் சாலை வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் வளைந்து ஏறத் தொடங்கும். தாமரைக்கரை, அதன்பின் பர்கூர். இந்தக் காடுகளைச் சேர்த்துத்தான் 2024ல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் வந்தது. சுமார் 800 சதுர கிலோமீட்டர். காலையில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். யானைக்கு நம் திட்டத்தாள் தெரியாது. வழியில் பர்கூர் செம்மறை மாடுகளைப் பார்க்கலாம்: செந்தவிட்டு நிறம், மேலே சுண்ணாம்பு தெளித்தாற்போல வெள்ளை. கறவை குறைவு, நடையில் மிடுக்கு. காட்டுப் பட்டிகளில் அடைத்து வளர்ப்பவை. கிட்டப்போய்த் தடவிப் பார்க்கும் ஆசை வேண்டாம், கோபக்கார இனம். மேலே ராகிக் களி கிடைத்தால் சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் கீழேயிருந்து கட்டிக்கொண்டு போன சோறுதான்.

தையில் வருகிறவர்களுக்கு இது போதும். ஆடியில் வருகிறவர்கள் இந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். அப்போது புதுப்பாளையம் குருநாதசாமி கோயில் பண்டிகை. திப்பு காலத்திலிருந்து நடப்பதாக ஊரில் சொல்லும் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். காதுமடல் இரண்டும் உச்சியில் வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரையை அங்கே கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். தங்க இடம் மட்டும் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஆனி மாதமே யாரிடமாவது சொல்லிவைத்துவிடுங்கள்.

அடுத்த வாரம் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620ல் கோட்டை கட்டிய ஊர். கடற்கரை வெயில் கடுமை, குடையோடு வாருங்கள்.