டெல்டாவில் கைமாறிய கிராமக் காவல்

காவிரி டெல்டாவில் காவல் என்பது நெடுங்காலம் ஊரின் பொறுப்பாகவே இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘பாடிகாவல்’, ஊர்க்காவலுக்காகச் செலுத்தப்பட்ட வரி. பிற்காலத்தில் காவல்காரருக்குரிய பங்கு களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. திருட்டுப் போனால் பொருளை மீட்டுத் தருவதும், முடியாவிட்டால் ஈடு கட்டுவதும் காவல்காரர் கடமை.

1799-இல் தஞ்சாவூர் ஆங்கிலேயர் நிர்வாகத்துக்குள் வந்தது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் யோசனையில் உருவான 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், கிராமத் தலைவரையே ஊரின் காவல் தலைவராகவும் ஆக்கியது. ஊர்க்காவலாளான தலையாரி அவருக்குத் துணை. மேலே தாசில்தாரும் கலெக்டரும். சிறு அடிதடிக்கு ஒருவரைக் கிராமத் தலைவர் 12 மணி நேரம் சாவடியில் அடைத்து வைக்கலாம். ‘தாழ்ந்த சாதியார்’ என்றால் தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். சாதி பார்த்துத் தண்டிக்கச் சட்டமே இடம் கொடுத்தது. நிலமும் கிராமத் தலைமையும் மிராசுதாரர் பக்கம் இருந்த டெல்டாவில், பண்ணையாள் முறையிட வேறு வாசல் கிடையாது.

வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்ததன் விளைவை 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. வரி பாக்கிக்காகக் குடியானவர்கள் வதைக்கப்பட்டது பதிவானது. அதன்பின் வந்த 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் காவலை வருவாய்த் துறையிலிருந்து பிரித்து, தனிப் போலீஸ் படையை அமைத்தது. இரண்டு ஆண்டுகளில் இந்தியப் போலீஸ் சட்டமும் வந்தது. இனி காவலர் என்பவர் சீருடை அணிந்த, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாகக்கூடிய வெளியூர்க்காரர். ஊரறிந்த ஆள் தலையாரி மட்டுமே.

தனிப்படை வந்ததால் மட்டும் கூலியாட்களுக்குப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. 1960-களில் கூலிப் போராட்டம் வலுத்தபோது கீழத் தஞ்சையில் ‘கிசான் போலீஸ்’ நிறுத்தப்பட்டது. அது அறுவடைக்குக் காவல் நின்றது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசையில் எரிந்து மாண்டபோது, காக்க ஒருவரும் இல்லை. டெல்டாவின் காவல் வரலாற்றில் இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (கிராமத் தலைவர்) பதவிகளை ஒழித்தது. பரம்பரை அதிகாரம் போய்க் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) வந்தார். தலையாரி இப்போது கிராம உதவியாளர். ஊரார் வாயில் இன்றும் தலையாரிதான். வாய்க்காலில் அடையாளம் தெரியாத சடலம் ஒதுங்கினால், அவர் போய்ச் சொல்ல, வி.ஏ.ஓ. எழுதிக் கொடுக்கும் புகாரில்தான் ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகிறது. காவல் இப்படிப் பாதி வருவாய்த் துறையிலேயே இன்னும் நிற்கிறது.

மாவட்டம் பிரியப் பிரியக் காவலின் எல்லையும் மாறியது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், அதிலிருந்து 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. சீர்காழிக்காரர் எஸ்.பி.யைப் பார்க்கக் காரைக்காலைக் கடந்து, அதாவது புதுச்சேரி எல்லைக்குள் புகுந்து வெளியேறி, நாகப்பட்டினம் போகவேண்டிய நிலை அத்தோடு தீர்ந்தது.

ஸ்டேஷனுக்குள்ளும் பிரிவினை உண்டு. கிராமங்கள் ‘பீட்’களாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றும் ஒரு காவலரிடம் ஒப்படைக்கப்படுகிறது. வங்கி, கோயில் போன்ற இடங்களில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் ரோந்துக் காவலர் கையெழுத்திடுவது, அவர் வந்து போனதற்கு அத்தாட்சி. ஆனால் கையெழுத்தால் ஊர்ப்பழக்கம் வராது. எந்தக் கரையில் இரவில் மணல் அள்ளுகிறார்கள் என்பது பழகியவருக்கே தெரியும்.

ஊராரையே துணைக்கு அழைக்கும் ‘காவலர் நண்பர்கள்’ அமைப்பு 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. 2020-இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் நேர்ந்த மரணங்களில் இந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்தபின் அரசு அதைத் தடை செய்தது. சீருடையும் பொறுப்பும் இல்லாதவர் கையில் லத்தி கொடுக்கக்கூடாது என்ற அளவில் அந்த முடிவு சரியானதே.