மலிவான காரின் உண்மை விலை

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தஞ்சாவூரிலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணிபுரிபவன். "மாமா, எட்டு மாதமே ஓடிய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஏழு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு வாங்கிய வண்டியை ஐந்தேகால் லட்சத்துக்குத் தருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. நாளைக்குள் முன்பணம் கொடுக்க வேண்டுமாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

மாதம் இருமுறை என் தங்கையைச் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பேருந்துப் பயணம் இனி அவளுக்கு ஒத்துவராது. அவன் கையில் இருந்ததோ சீட்டு முடிந்து வந்த ஒன்றேகால் லட்சம் ரூபாய். நான்கு லட்சம் வங்கிக் கடன் கிடைக்கும். புதிய கார் என்றால் மனைவியின் நகைகளை அடகு வைத்தாக வேண்டும். ஆகவே, அவன் கேட்டது ஒரு வாகனத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பைப் பற்றிய கேள்வி.

முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இக்கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இருந்திருக்க வேண்டும். ஏனெனில், எங்கள் துறையின் புகழ்பெற்ற கட்டுரைகளுள் ஒன்று இதே கேள்வியிலிருந்துதான் பிறந்தது. விற்பனையகத்தை விட்டு வெளியே வந்த மறுகணமே ஒரு புதிய காரின் விலை ஏன் இவ்வளவு சரிகிறது என்பதே அக்கேள்வி. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-ஆம் ஆண்டில் அக்கட்டுரையை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் கூறியது எளிமையானது. ஒரு காரின் குறைநிறைகள் அதை ஓட்டியவருக்குத் தெரியும்; வாங்க வருபவருக்குத் தெரியாது. சந்தையில் ஐந்து லட்சம் பெறுமானமுள்ள நல்ல கார்களும் மூன்று லட்சம் பெறுமானமுள்ள பழுதான கார்களும் கலந்து நிற்பதாகக் கொள்வோம். இரண்டையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர், இடைப்பட்ட நான்கு லட்சத்துக்கே கேட்பார். நல்ல காரின் உரிமையாளர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வார். பழுதான காரின் உரிமையாளரோ மகிழ்ச்சியுடன் விற்பார். நாளடைவில் சந்தையில் பழுதானவையே மிஞ்சும். இதை உணர்ந்த வாங்குபவர் விலையை மேலும் குறைப்பார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதான காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். அக்கட்டுரையின் தலைப்பிலும் அந்த எலுமிச்சையே இடம்பெற்றது.

அகர்லாஃப் 1960-களின் பிற்பகுதியில் ஓராண்டு காலம் தில்லியில் இருந்தவர். கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், அதே நிறத்திலும் வடிவத்திலும் கலக்கப்பட்ட கற்களைப் பொறுக்கியெடுக்கும் இந்தியப் பெண்களைத் தம் கட்டுரையில் அவர் குறிப்பிடுகிறார். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிய நம் அன்னையர், தகவல் சமமின்மைக் கோட்பாட்டை நன்றாகவே அறிந்திருந்தனர்.

ஆனால், இதையெல்லாம் வகுப்பில் விளக்கிய நான், என் சொந்த வாழ்க்கையில் கல்லைப் பொறுக்கத் தவறினேன். 2016-ஆம் ஆண்டில் சென்னையில் ஓராண்டே ஆன கார் ஒன்றை வாங்கினேன். ஏழாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தது, வண்ணம் பளபளத்தது, விலையும் மலிவு. நான்கு மாதங்களில் விளக்குகள் தாமாக அணைந்தன; கண்ணாடிகள் ஏற மறுத்தன; ஒருநாள் நடுச்சாலையில் வண்டி நின்றேவிட்டது. மெக்கானிக் இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பை உயர்த்திக் காட்டினார். அடியில் காய்ந்த வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி அது. பழுது நீக்க ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த நினைவோடுதான் மருமகனிடம், "முன்பணம் கொடுக்காதே, முதலில் கணக்கு போடுவோம்" என்றேன்.

முதல் கேள்வி: தள்ளுபடி எந்த விலையிலிருந்து? அந்தக் கார் 2025 ஜூலையில் வாங்கப்பட்டது. அப்போது நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் ஒரு சதவீத இழப்பீட்டு வரியும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் இவை 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டன. வரி நீங்கலான விலை மாறவில்லை எனக் கொண்டால், அன்று விற்பனையகத்தில் 6,60,000 ரூபாய்க்கு விற்ற கார் இன்று ஏறத்தாழ 6,04,000 ரூபாய். அதன்மேல் தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள கார்களுக்கான 13 சதவீத ஆயுட்கால வரி, காப்பீடு, பதிவுச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால், இன்று அதே புதிய கார் சாலைக்கு வரும்போது ஏறத்தாழ 7,24,000 ரூபாய். விற்பவர் சொல்லும் 7,90,000 என்பது கடந்துபோன விலை. ஆகவே, 2,65,000 ரூபாய் எனப்பட்ட தள்ளுபடி, முதல் கணக்கிலேயே 1,99,000 ஆகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, இந்த விலை உண்மையிலேயே மலிவா? மோட்டார் காப்பீட்டில் வாகனத்தின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30 எனத் தேய்மானம் கழிக்கப்படும். எட்டு மாத வண்டிக்கு 15 சதவீதம் கழித்தால், இன்றைய விலைப்படி 5,13,400 ரூபாய் வருகிறது. கேட்கப்படும் ஐந்தேகால் லட்சம் இதைவிடச் சற்றே அதிகம். ஆக, 'மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி' என்று கூவப்பட்டது சந்தையின் இயல்பான விலையே. இதில் நல்ல செய்தியும் உண்டு. விலை குறைந்ததன் பெரும்பகுதிக்கு வரி, காப்பீடு, முதலாண்டுத் தேய்மானம் எனத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. முதல் உரிமையாளர் செலுத்திய ஆயுட்கால வரியின் பயன் வண்டியோடு அடுத்தவருக்கு வந்து சேர்கிறது. இதே வண்டியை நான்கு லட்சத்துக்குத் தருவதாகக் கூறியிருந்தால்தான் ஐயம் கொள்ள வேண்டும். காரணம் சொல்ல முடியாத மலிவே ஆபத்தானது.

மூன்றாவது, வெளியே தெரியாத செலவுகள். பெயர் மாற்றம், புதிய காப்பீடு முதலியவற்றுக்குப் பதினைந்தாயிரம் எனக் கொள்வோம். புதிய காருக்கான கடனைவிடப் பழைய காருக்கான கடனுக்கு வங்கிகள் பொதுவாகக் கூடுதல் வட்டி வாங்குகின்றன. எடுத்துக்காட்டாக, நான்கு லட்சம் ரூபாயை ஐந்தாண்டுகளில் அடைக்க 9 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். 13 சதவீதத்தில் 9,100 ரூபாய். ஐந்தாண்டுகளில் வேறுபாடு 48,000 ரூபாய். மேலும், எட்டு மாத ஆயுள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. பத்தாண்டுப் பயன்பாடு என்று வகுத்தால் அதன் மதிப்பும் ஏறத்தாழ 48,000. இவை மூன்றையும் 1,99,000-இலிருந்து கழித்தால் எஞ்சுவது 88,000 ரூபாய். அதுவே உண்மையான ஆதாயம். சிறிய தொகையன்று; ஆனால், விளம்பரம் காட்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்குதான்.

நான்காவது, இடர்ப்பாட்டின் விலை. எனக்கு வாய்த்ததைப் போன்ற மறைந்த பழுது ஒன்று இருந்து, அதற்கு இரண்டு லட்சம் செலவாகும் என வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு வாய்ப்பு என்றால், எதிர்பார்க்கத்தக்க இழப்பு இருபதாயிரம். அப்போதும் வாங்குவது இலாபமே. இரண்டில் ஒன்று என்றால், இழப்பு ஒரு லட்சம். ஆதாயம் முழுவதும் கரைந்துவிடும். நூற்றுக்கு 44 என்பதே இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை விலை சொல்லாது, சோதனைதான் சொல்லும். ஆகவே, சோதனைக்குச் செலவிடும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வீண் செலவன்று. ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய மிகச் சிறந்த காப்பீடு அதுவே.

எவற்றைச் சோதிப்பது? அனுபவம் கற்பித்தவற்றைச் சொல்கிறேன். தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் வண்டியின் சர்வீஸ் வரலாற்றைக் கேட்க வேண்டும். காப்பீட்டில் இழப்பீடு ஏதேனும் பெறப்பட்டதா என்றும் விசாரிக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், நீரில் மூழ்கிய வண்டியின் கறைக்கோடு பெரும்பாலும் அங்கே தெரியும். இருக்கையின் தண்டவாளத்தில் துருவும் வண்டலும் உள்ளனவா என்று நோக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட நான்கு இலக்கங்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிப்பவை. ஐயாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகக் கூறப்படும் வண்டியில் நான்கு டயர்களும் மாற்றப்பட்டிருந்தால், அந்த மீட்டரை நம்புவதற்கில்லை. பானட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் வண்ணம் பெயர்ந்திருந்தால், அவற்றை யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆவணங்களும் அவ்வளவே முக்கியமானவை. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு, காப்பீடு, நிலுவை அபராதம் முதலியவற்றைச் சரிபார்க்கலாம். பதிவுச் சான்றில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், அதை நீக்குவதற்கான 35-ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். விற்பவர் கையொப்பமிட வேண்டியவை 29, 30-ஆம் படிவங்கள். புதுச்சேரிப் பதிவு கொண்ட வண்டி மலிவாகத் தோன்றலாம். அதைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது இங்குள்ள வரியைச் செலுத்த வேண்டிவரும்.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்பவருக்கும் கேடு. வண்டியைக் கைமாற்றிய பின்னரும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டிக்குப் பொறுப்பேற்கவும் வகைசெய்யும் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அங்கீகாரம் பெற்றவரா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

இத்தனையும் கேட்டுக்கொண்ட மருமகன், விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தான்: "வண்டியை அங்கீகாரம் பெற்ற பணிமனைக்கு எடுத்துச் சென்று காட்ட வேண்டும், செலவு என்னுடையது." அதற்கு வந்த பதில், "பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது. அந்த வண்டியில் பழுது இருந்ததா இல்லையா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆனால், நல்ல பொருளை வைத்திருப்பவர் அதைச் சோதிக்க விடுவதால் இழப்பது ஒன்றுமில்லை. சோதனையை மறுப்பது, எங்கள் துறையின் மொழியில், ஒரு சமிக்ஞை. அகர்லாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஸ்பென்ஸ் ஆராய்ந்தது இத்தகைய சமிக்ஞைகளைத்தான். அவன் அந்த வண்டியை விட்டுவிட்டான்.

மூன்று வாரங்கள் கழித்து, ஏறத்தாழ அதே வயதுடைய, அதே வகைக் கார் ஒன்று அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் கிடைத்தது. பணிமனைச் சோதனைக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை; முழு சர்வீஸ் வரலாறும், எஞ்சிய உத்தரவாதக் காலமும் இருந்தன. விலை 5,45,000. முதல் வண்டியைவிட இருபதாயிரம் அதிகம். எங்கள் கணக்குப்படி ஆதாயம் 88,000-இலிருந்து 68,000 ஆகக் குறைந்தது. அந்த இருபதாயிரத்தை நான் இழப்பாகக் கருதவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக மாற்றிக்கொள்ளக் கொடுத்த விலை அது.

ஏறத்தாழ புதிய மலிவுக் கார் வாங்கத் தகுந்ததா என்று கேட்டால், என் விடை 'ஆம்' என்பதே. இன்றைய விலையோடு ஒப்பிட்டு, மறைந்த செலவுகளைக் கழித்து, அப்போதும் மிச்சம் இருந்தால், சோதிக்க விடுபவரிடம் மட்டும். 'நாளைக்குள்' என்று அவசரப்படுத்துபவரிடம் எந்த விலைக்கும் வேண்டாம்.

சென்ற வாரம் என் தங்கை அந்தக் காரில் திருச்சிக்குச் சென்று திரும்பினாள். "முதுகு வலிக்கவில்லை அண்ணா" என்றாள். மருமகள் நகைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவை வீட்டிலேயே இருக்கின்றன.