நகரத்துக்குள் ஒரு காடு

காடு எங்கே இருக்கும் என்று கேட்டால், "ஊருக்கு வெளியே" என்றுதானே சொல்வீர்கள்? ஆனால் சென்னை நகரத்துக்குள்ளேயே ஒரு காடு இருக்கு! அதன் பெயர் கிண்டி தேசியப் பூங்கா.

பெயர் பூங்கா என்றாலும் அது பூந்தோட்டம் இல்லை. வெப்பநாட்டுக் காடு. டென்மார்க்கில் பீச் மரங்கள் இலையுதிர்காலத்தில் இலை உதிர்க்கும். கிண்டியில் பல மரங்கள் வருடம் முழுவதும் பச்சையாகவே நிற்கும். புள்ளிமான், வெளிமான், நரி, பலவகைப் பறவைகள் அங்கே வாழ்கின்றன. மழை பெய்தால் காட்டு மண் தண்ணீரை உறிஞ்சி நிலத்துக்குள் அனுப்பும். தார் றோட்டு அப்படிச் செய்யுமா?

1910-இல் அந்தக் காடு ஏறக்குறைய 700 உதைபந்து மைதானங்கள் அளவு பெரிது. பிறகு சென்னை வேகமாக வளர்ந்தது. 1958-இல் ஐ.ஐ.டி. என்ற உயர்கல்வி நிறுவனத்துக்காகக் காட்டின் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். 1970-களில் ராஜாஜி, காமராசர் ஆகிய தலைவர்களின் நினைவிடங்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

படிப்பு நல்லதுதான். தலைவர்களை நினைப்பதும் நல்லதுதான். ஒவ்வொரு முறையும் "ஒரு துண்டுதானே!" என்று தோன்றும். ஆனால் துண்டு துண்டாக எடுத்தால் கடைசியில் என்ன மிஞ்சும்? சுற்றிவர றோட்டும் வீடும். மான் வேறு காட்டுக்கு ஓடவும் முடியாது.

அதனால் 1978-இல் மிச்சக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதாவது, "இதற்கு மேல் எடுக்கக் கூடாது" என்று சட்டம் ஒரு கோடு போட்டது. இன்று அங்கே ஏறக்குறைய 380 மைதானங்கள் அளவு காடு இருக்கு.

டென்மார்க்கிலும் முன்பு காடுகள் மிகவும் குறைந்துபோயின. 1805-இல் ஒரு சட்டம் வந்தது. காட்டுக்குள் மாடு மேயக் கூடாது, காடு காடாகவே இருக்க வேண்டும் என்றது. இப்படிக் காக்கப்படும் காட்டைத்தான் 'ஃபிரெட்ஸ்கோவ்' என்கிறோம்.

சட்டம் மட்டும் போதுமா? போதாது. நகரத்துக் குப்பை காட்டுக்குள் போனால், மான் பிளாஸ்டிக் பையையும் தின்றுவிடும். அது வயிற்றில் சிக்கி, மான் செத்தும் போகலாம். காட்டைக் காப்பது அங்கே போய் வருபவர்களின் வேலையும்தான்.

சொற்பொருள்
உறிஞ்சுதல் – இழுத்துக் குடித்தல்
மிச்சம் – மீதி
நினைவிடம் – ஒருவரை நினைக்கக் கட்டிய இடம்

கேள்விகள்
1. கிண்டிக் காடு ஏன் சிறிதானது?
2. 1978-இல் என்ன நடந்தது?
3. உங்கள் ஊரில் ஒரு காட்டை வெட்டிப் பள்ளிக்கூடம் கட்டலாமா? இரண்டு பக்கமும் கதைத்துப் பாருங்கள்.