தீவு வீட்டுக்கு எந்தப் படகு?

திசையன்விளையைச் சுற்றிச் செம்மண் தேரி உண்டு, பனை உண்டு, காற்றாலை உண்டு. ஏரி கிடையாது, ஏரிக்குள் தீவும் கிடையாது. இந்த ஊரில் இருந்துகொண்டு ஏரித் தீவுக்குப் போகும் படகைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். படகு வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களில் பாதி இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன என்பதுதான் பதில். ஏழெட்டு கிலோமீட்டர் தெற்கே போனால் உவரி. அங்கே மணலில் வரிசையாக ஃபைபர் வள்ளங்கள். மேற்கே மலையேறினால் காரையாறு அணை. அங்கே தண்ணீரின் மட்டம் ஏறி இறங்கக் கரையும் கூடவே நகர்கிறது. நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் பனையே ஒரு காலத்தில் படகாகியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிஜமான தீவு ஒன்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே பழவேற்காடு ஏரி கிடக்கிறது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதற்குள் இருக்கம் என்றொரு தீவு, அதில் ஓர் ஊர். ஆட்சி ஆந்திரத்தினுடையது, அங்குள்ளவர்கள் பேச்சோ பெரும்பாலும் தமிழ். அரிசி பருப்பு வாங்கவும் பஸ் பிடிக்கவும் படகேறித் தமிழ்நாட்டுப் பக்கத்து ஆரம்பாக்கத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் படகு மீன்பிடிக்கும் கருவி மட்டுமல்ல. பள்ளி வாகனமும் அதுதான், ஆம்புலன்சும் அதுதான், சிலிண்டர் வண்டியும் அதுதான்.

தீவில் வீடு வைத்திருப்பவர் படகு தேடும்போது முதலில் கேட்பது ‘எத்தனை குதிரைத்திறன் எஞ்சின்?’ என்றுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: நான் கரையேறும் இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கோடையில் வடபகுதி பல இடங்களில் வற்றிச் சேறாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முழங்கால் ஆழத்திலும் மிதக்கிற படகே படகு. மற்றதெல்லாம் பாதி வழியில் இறங்கித் தள்ள வேண்டிய பாரம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் உள்ள தட்டையடிப் படகு, முனை குறுகுவதையும் பக்கங்கள் சாய்வதையும் கழித்துத் தண்ணீரின் மேல்பரப்பில் ஏறத்தாழ 5 சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரின் எடை 50 கிலோ. ஆகவே ஒவ்வொரு 50 கிலோ சுமைக்கும் படகு ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கும். வெறும் படகு 200 கிலோ என்றால் 4 சென்டிமீட்டர். ஆறு பேர், இரண்டு மூட்டை அரிசி, நிறைந்த சிலிண்டர் ஒன்று, எஞ்சின் எல்லாம் சேர்ந்து 500 கிலோ என்றால் இன்னும் 10 சென்டிமீட்டர். மொத்தம் ஒரு சாண்கூட இல்லை. இதே சுமையைக் குறுகலான, அடிப்பகுதி கூர்மையான படகில் ஏற்றினால் இரண்டு மடங்கு ஆழத்துக்கு இறங்கிவிடும். தண்ணீருக்கு மேலே தெரியும் விளிம்பு, முழுச் சுமையோடும் ஓர் அடியாவது இருக்க வேண்டும். இருக்கிறதா என்று படகுக்காரர் வாயால் கேட்பதைவிட ஆளை ஏற்றிவிட்டு ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பது நல்லது.

உவரியில் நிற்கும் ஃபைபர் வள்ளத்தைப் பார்த்து ஆசைப்படாதவர் இருக்க முடியாது. அதன் அணியம், அதாவது முன்பகுதி, நன்றாக உயர்ந்து கூராக இருக்கும். அங்கே துறைமுகச் சுவருக்குள் இருந்து சாவகாசமாகக் கிளம்புகிற தொழில் இல்லை. கரையில் உடைந்து விழும் அலையை நேருக்கு நேர் கிழித்துக்கொண்டு போக வேண்டும், திரும்பி வரும்போது அலையோடு அலையாக மணலில் ஏற வேண்டும். அதற்கென்றே வளர்ந்த உடம்பு அது. ஏரியில் அதே உயர்ந்த அணியம் பக்கவாட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டு படகைத் திருப்பும். சேற்றோரத்தில் கூர் அடிப்பகுதி புதைந்து ஒருபக்கம் சாயும். வயதான அம்மாவைக் கைபிடித்து இறக்க வேண்டிய நேரத்தில் இது பெரிய தொல்லை. கடல் வள்ளம் நல்ல வள்ளம்தான். ஏரிக்கு அது இடம் மாறி வந்த ஆள்.

கட்டுமரமும் அப்படித்தான். அது மூழ்காது என்பது உண்மை. மரக்கட்டைகளின் கட்டு எப்படி மூழ்கும்? ஆனால் அதன்மேல் உட்கார்ந்து போகிறவர் இடுப்புவரை நனைவார். பள்ளிச் சீருடைக்கும் மாவு மூட்டைக்கும் கட்டுமரம் ஆகாது.

இனி பனை. ஆந்திரத்தில் கிருஷ்ணை, கோதாவரிக் கழிமுகங்களுக்கு நடுவில் கொல்லேறு என்ற நன்னீர் ஏரி இருக்கிறது. அதனுள்ளும் தீவுக் கிராமங்கள். ‘லங்கா’ என்று முடியும் பெயர்கள் அங்கே பல. அந்த மக்கள் பனைமரத்தைக் குடைந்து தோணி செய்து ஓட்டினார்கள். பனையை வெட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். வெளிப்பக்கம் இரும்புபோல வைரம் பாய்ந்த கறுப்பு நார், உள்ளே மெத்தென்ற சோறு. பெரிய மரத்தைக் குடைய வேண்டிய வேலையில் பாதியை இயற்கையே செய்துவைத்திருக்கிறது. வங்காளத்திலும் இதே பனைத்தோணி உண்டு. மழைக்காலத்தில் வயலுக்கு நடுவே ஓடும். நம் ஊரில் பனையைப் பிளந்து, சோற்றைத் தோண்டி எடுத்துத் தண்ணீர் ஓடவிட்ட பெரியவர்கள் அதில் ஏறி உட்காராதது, உட்கார்ந்து போவதற்கு இங்கே தண்ணீர் இல்லாததால்தான்!

பனைத்தோணியின் குறை அதன் அகலம். ஒரு மரத்தின் பருமனுக்கு மேல் அகலம் எங்கிருந்து வரும்? எழுந்து நின்றால் கவிழும். அதற்கு மாற்றாக இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்குக் கட்டைகளால் பிணைத்தார்கள். இதற்குச் சங்கடம் என்று பெயர், மலையாளத்தில் சங்ஙாடம். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரட்டைத் தோணிகளையும் எடுத்துக்கொண்டார். முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளுஸ், ஒற்றை மரங்களைப் பிணைத்த ‘சங்கரா’ என்ற பெரிய கலங்கள் நம் கிழக்குக் கரையில் ஓடியதாகச் சொல்கிறது.

இந்தப் பிணைப்பின் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். படகு சாயும்போது அதை மீண்டும் நிமிர்த்துகிற வலு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதே நீளத்தில் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் சாயாமல் நிற்கும் தன்மை எட்டு மடங்காகும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் காலை அகட்டி வைத்துக்கொள்கிறாரே, அதே சூத்திரம். எதிர்ப்பக்கத்தில் வேலை செய்வது உயரம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைக் கவிழ்க்கும் பக்கத்தில் சேர்கிறது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரட்டைத் தட்டுச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது. காரணம் புயலோ பாறையோ இல்லை. எடை எங்கே இருக்கிறது என்பதுதான். தீவு வீட்டுப் படகுக்கு மேல்தட்டு, பால்கனி, அலங்கார விதானம் எதுவும் வேண்டாம். வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் போதும். காற்று வந்தால் அதையும் சுருட்டிவிட முடிய வேண்டும்.

ஒகேனக்கல் பரிசலையும் சிலர் கேட்பார்கள். மூங்கில் பின்னல், மேலே பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிப் போகலாம். மோயாற்றைக் கடந்து தெங்குமரஹடாவுக்குப் போக வர நெடுங்காலம் உதவிய கலம் அது. ஆற்றைக் குறுக்கே கடக்க நல்லது. திறந்த ஏரியில் மூன்று கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் காற்று உங்களை வேறு ஊருக்கு அழைத்துப் போகும்.

எதனால் செய்த படகு என்ற கேள்விக்குத் தென்கரையில் ஒரு வரலாறே உண்டு. முன்பு பலகைகளைக் கயிற்றால் தைத்து வள்ளம் கட்டினார்கள். 1980-களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஜில்லே கன்னியாகுமரிக் கடற்கரை மீனவர்களோடு சேர்ந்து, கடலுக்கான ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டிப் படகு கட்டும் முறையைக் கொண்டுவந்தார். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் நடத்திய முட்டம் படகுக்கூடத்தின் வழியே அது பரவியது. பிறகு 2004 சுனாமி. உடைந்துபோன கட்டுமரங்களின் இடத்தில் நிவாரணமாக வந்து இறங்கியவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இன்று புதிதாக வாங்குபவருக்கு ஃபைபர்தான் கைக்கெட்டும். உப்பு அரிக்காது, கரையான் தின்னாது. ஓட்டை விழுந்தால் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் வைத்து வீட்டிலேயே ஒட்டலாம்.

பழைய ஃபைபர் படகு வாங்கினால் கையோடு ஒரு நாணயம் கொண்டுபோங்கள். அடிப்பகுதியைச் சாணுக்குச் சாண் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டிக் டிக்’ என்று கெட்டியான சத்தம் வரும் இடம் நல்லது. திடீரென்று ‘தொப் தொப்’ என்றால் உள்ளே அடுக்குகள் பிரிந்து தண்ணீர் கோத்திருக்கிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையில் ஃபைபருக்குள்ளே மரப்பலகை புதைந்திருக்கும். எஞ்சினைத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகையும் சேர்ந்து வளைந்தால் உள்ளே இற்றுவிட்டது என்று அர்த்தம். போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் கசிந்த கோடு தெரிந்தாலும் அதே கதைதான். வண்ணம் புதிதாகப் பளபளக்கிற படகை இரண்டு முறை தட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

எஞ்சின் விஷயத்தில் பலரும் வீணாகச் செலவழிக்கிறார்கள். சுமையோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையைப் போடுகிறது. தண்ணீரில் 16 அடி நீளம் படியும் படகுக்கு அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதற்கு மேல் போக எஞ்சினை இரட்டிப்பாக்கினால் எண்ணெய்தான் இரட்டிப்பாகும். படகு முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் குழி பறிக்கும். மூன்று கிலோமீட்டர் தீவுக்கு இருபது நிமிடம். அவ்வளவு அவசரம் யாருக்கு? பத்துக் குதிரைத்திறனுக்குள் இருப்பது தாராளம்.

ஆழமற்ற ஏரிக்கு அவுட்போர்டைவிட லாங் டெயில் என்று நம் கரையில் சொல்லும் வகையே எனக்குப் பிடிக்கும். எஞ்சின் படகின்மேல் இருக்க, நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும். சேறோ பாசியோ வந்தால் கைப்பிடியை அழுத்தினால் விசிறி வெளியே வந்துவிடும். பழவேற்காட்டில் பாடு முறையில், அதாவது மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிர்ந்து, வரிசையாக வலை கட்டுவார்கள்; அந்த வலைகளைத் தாண்டும்போதும் இதுதான் கை கொடுக்கும். சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எந்த எஞ்சின் இருந்தாலும் நீளமான மூங்கில் கழி ஒன்றும் துடுப்பு இரண்டும் படகிலேயே கிடக்கட்டும். எஞ்சின் நிற்பது நடுஏரியில்தான்.

மின்சாரப் படகு கனவல்ல. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு ஓடுகிறது. 75 பேர் போகலாம். அதுவும் சங்கடம்போல இரட்டை உடல் கொண்டது என்பதைக் கவனியுங்கள். தனி வீட்டுக்கு மின்கலத்தின் விலை இன்னும் கசக்கிறது.

காற்றைப் பற்றித் திசையன்விளைக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலை இறக்கைகளைச் சுழற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. ஆழமற்ற ஏரியில் எழும் அலை சின்னதாக இருக்கும். ஆனால் செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விளிம்பைத் தாண்டும். ஓர் அடி விளிம்பு வேண்டும் என்றது இதற்காகத்தான். காலையில் போய் மதியக் காற்றுக்கு முன் திரும்பிவிடுவது, எந்தப் படகையும்விட மலிவான பாதுகாப்பு.

இனி நீர்மட்டம். காரையாறு அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 143 அடி. மழையில் நிறைந்து கோடையில் இறங்கும்போது, நேற்றுப் படகு கட்டிய இடம் இன்று சேற்றுச் சரிவாக நிற்கும். அணை ஏரியின் கரையில் வீடு என்றால் இரண்டு ஆள் இழுத்து ஏற்றக்கூடிய எடைக்கு மேல் படகு வாங்கக் கூடாது. நிலையான துறை கட்டிப் பணத்தைத் தண்ணீரில் போடுவதைவிட, உருளைக்கட்டை நான்கு வாங்குவது மேல்.

எஞ்சின் வைத்த படகுகளுக்குப் பதிவு, ஆள் வரம்பு ஆகியவற்றை 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த வரம்பைப் படகின் விளிம்பில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றியதால்தான். ‘ஒருத்தர்தானே, ஏறிக்கட்டும்’ என்று சொல்லும் நல்ல மனசு கரையில் இருக்கட்டும்.

ஆக, ஆழமற்ற ஏரித் தீவில் குடியிருக்கும் சராசரிக் குடும்பத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: 18 அடி ஃபைபர் படகு, ஐந்தரை அடி அகலம், அணியத்தில் மட்டும் லேசான கூர், பின்னால் தட்டை அடி, சின்ன லாங் டெயில், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குழந்தைக்கு அதன் அளவில் ஒன்று. உட்காரும் பலகைகளுக்கு அடியில் நுரை அடைத்த காற்றுப்பெட்டிகள் கட்டாயம். விற்பவர் ‘எல்லாம் இருக்கு அண்ணாச்சி’ என்பார். பணம் கொடுக்கும் முன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் படகை விளிம்புவரை நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். நிரம்பிய படகு அப்போதும் மிதந்து, இரண்டு ஆள் அதைப் பிடித்துத் தொங்க முடிந்தால் வாங்குங்கள். மூழ்கினால் வேறு படகு பாருங்கள்.