கைப்பேசி வழியே களவு போகும் பணம்

நெசவுக் கூலியும், பட்டுக்கூடு விற்ற தொகையும், பயிர்க்கடனும் இந்நாளில் பெரும்பாலும் ரொக்கமாகக் கைக்கு வருவதில்லை; வங்கிக் கணக்கிற்கே வந்து சேர்கின்றன. 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை ஏற்பட்டபின், தருமபுரியிலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் சிறு கடைகளில்கூடக் கைப்பேசியால் பணம் செலுத்துதல் வழக்கமாகிவிட்டது. இவ்வசதியை நாம் குறை கூறவில்லை. ஆயினும், "இரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதிருந்தால் போதுமன்றோ?" என்று அங்கத்தினர் பலர் நம்மிடம் வினவுகின்றனர். போதாது என்பதை விளக்குதல் அவசியமாகிறது.

எண்கள் இருவகைப்படும். ஒன்று, நாமே அமைத்து மனத்தில் வைத்துக்கொள்ளும் பின் எண். இது நமது கையொப்பம் போன்றது. மற்றொன்று, வங்கி அவ்வப்போது குறுஞ்செய்தியில் அனுப்பும் ஓ.டி.பி.; இது கையொப்பமிட்டவர் நாமே என்பதற்குச் சாட்சி போன்றது. பின் எண்ணைப் பணம் கொடுப்பதற்கு மட்டுமே இடவேண்டும். பெறுவதற்கு அது ஒருபோதும் வேண்டுவதில்லை. "சேலைக்கு முன்பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை இடுங்கள்" என்று வெளியூர் வியாபாரி ஒருவர் கூறுவாராயின், அவர் வாங்க வந்தவரல்லர். தனி நபர்கள் ஒருவரிடமொருவர் யு.பி.ஐ. வழியே பணம் கோரும் வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது, எனினும் கியூ.ஆர். படத்தை அனுப்பி எண்ணை இடச் சொல்லும் தந்திரம் நின்றபாடில்லை.

சாட்சியைக் களவாடும் முறையோ இதனினும் நுட்பமானது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் கீழ் 2019 முதல் விவசாயக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ரூ. 6,000, மூன்று தவணைகளில் அளிக்கப்பட்டு வருவதை அங்கத்தினர் அறிவர். அப்பெயரிலேயே ஒரு போலிச் செயலி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுவதாகத் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு 2024ஆம் ஆண்டில் எச்சரித்தது. முதலில் ஒருவரது வாட்ஸ்அப் கணக்கு கைப்பற்றப்படும். பின்னர் அவர் சேர்ந்திருந்த குழுக்களுக்கே அச்செயலி அனுப்பப்படும். அனுப்பியவர் பெயரோ நம் ஊராருடையது; எவர்தாம் ஐயுறுவர்? செயலியை நிறுவியவுடன், குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு தருக என்று அது கேட்கும். தவணைப் பணம் வருமென்னும் ஆவலில் இசைவு தரப்பட்டுவிடும். அக்கணம் முதல், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படுமுன்னரே மோசக்காரனிடம் சென்று சேரும். ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் செயலியிலேயே கேட்டுப் பெற்றுக்கொள்வதால் அவனுக்கு எக்குறையுமில்லை. நாம் எவரிடமும் ஒரு சொல்லும் சொன்னோமில்லை. பணம் மட்டும் போய்விடும். பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட நம் பாட்டிமாருக்கு இத்தகைய திருடனைப் பற்றிச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

ஆதலின், பெயரின் இறுதியில் ஏ.பி.கே. என்னும் எழுத்துகளுடன் வாட்ஸ்அப்பில் வரும் எதனையும், அனுப்பியவர் உடன்பிறந்தவரேயாயினும், திறத்தல் கூடாது. கிசான் திட்டத்திற்கான ஆதார் சரிபார்ப்பைப் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடித்துக்கொள்ளலாம். ஐயமிருப்பின் வட்டார வேளாண்மை அலுவலகத்திற்கு ஒரு நடை நடந்து கேட்பது கௌரவக் குறைவாகாது.

தவறி நிறுவிவிட்டால், கைப்பேசியில் விமானப் படமுள்ள பொத்தானை அழுத்தி இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லவேண்டும். பணம் போயிருப்பின் உடனே 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்கவேண்டும். 2021இல் ஏற்பட்ட இவ்வேற்பாட்டின்படி, புகார் பணம் சென்ற வங்கிக்கு அனுப்பப்படும்; பணம் இன்னும் அங்கிருப்பின் நிறுத்திவைக்கப்படும்; வேறு வங்கிக்குப் போயிருப்பின் அங்கும் தொடரப்படும். எடுத்துக்கொண்டு ஓடுபவனைத் துரத்துவது போன்ற காரியமாதலால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று உறங்கச் செல்பவர் பெரும்பாலும் இழக்கிறார்.

வங்கிக்குத் தெரிவிப்பதிலும் காலம் முக்கியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்து, அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் விரித்த ஆணை இவ்வாறு கூறியது: வங்கியின் பிழையுமன்றி, வாடிக்கையாளர் பிழையுமன்றிப் பணம் போயிருப்பின், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நட்டமில்லை. நான்கு முதல் ஏழு நாட்களாயின், சாதாரணச் சேமிப்புக் கணக்கினர் ரூ. 10,000 வரை நட்டத்தை ஏற்க நேரும் என்றும் அது கூறியது. எண்ணைத் தாமே கொடுத்துவிட்டவர், தெரிவிக்கும் வரை போனதனைத்தையும் தாமே ஏற்கவேண்டும் என்று அது வகுத்தது. தெரிவித்தபின் போவது வங்கியைச் சாரும் என்றது. செயலியை நிறுவியது வாடிக்கையாளரின் கவனக்குறைவே என்று வங்கி வாதிடக்கூடும். ஆயினும், பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் கடமையை அவ்வாணை வங்கியின் மீதே வைத்தது. அங்கத்தினருள் பலர் இதனை அறியாமல் வாய்மொழி மறுப்பைக் கேட்டே திரும்பிவிடுகின்றனர். பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண், 1930இல் தந்த புகார் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கிளையில் கொடுத்து, மறுபடியில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளவேண்டும். எழுத இயலாதவர்கள் சங்கச் செயலாளரை அணுகலாம்.