ஏரிக்கரை வீடு: முதல் கணக்கு கூரைக்கு

ரப்பர் தோட்டங்கள் தாமான்களாகிவிட்ட மாசாய் வட்டாரத்தில், நீரோரத்தில் மரமும் ஓடுமாக ஒரு வீடு கட்ட ஆசைப்படுவோர் பார்க்க வேண்டிய வீடு ஒன்று இலங்கையில் இருக்கிறது. அதுவும் ரப்பர் தோட்டமாக இருந்த நிலம்தான்.

பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில் உள்ள லுணுகங்க தோட்டத்தை 1948இல் ஜெஃப்ரி பாவா வாங்கினார். அப்போது அவர் வழக்கறிஞர். கட்டடக் கலையைப் பிறகுதான் படித்தார். பழைய பங்களாவை அவர் இடிக்கவில்லை. வாசலின் திசையை மாற்றினார். ஏரியை மறைத்த குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் அந்த வேலை ஓயவில்லை.

பாவாவின் வீடுகளில் கூரைதான் முதலாளி. ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும். மழைச்சாரல் உள்ளே வராததால் ஜன்னலை மூட வேண்டியதில்லை. காற்று வீட்டின் குறுக்கே ஓடும். ஒழுகலுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்: நெளி சிமெண்ட் தகட்டை அடியில் போட்டு, அதன்மேல் ஓடு வேய்ந்தார். அக்காலத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இன்று அது கலக்காத தகடாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் இல்லம் தூண்கள்மேல் நிற்கும் செங்கால் மர வீடு. 1998இல் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது. தரையைத் தொடாததால் ஈரமும் வெள்ளமும் அடியோடு போய்விடும்.

சிமெண்ட் பெட்டி போல வீட்டைக் கட்டிவிட்டு, முகப்பில் மட்டும் பலகை ஒட்டுவது வீண்செலவு. உள்ளே புழுக்கம் அப்படியே இருக்கும். செங்கால் கரையானைத் தாங்கும், ஆனால் விலை அதிகம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரத்தைத் தேடலாம். விலை குறைந்த மெராந்தியை உள்வேலைக்கு வைத்துக்கொண்டு, மண்ணையும் மழையையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூங்கில் என்றால் போராக்ஸ் கரைசலில் ஊறவைத்ததா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன், நிலத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே, நில அலுவலகத்திலும் வடிகால் நீர்ப்பாசனத் துறையிலும் விசாரிப்பது அவசியம். கரையோர ஒதுக்கு நிலத்துக்குள் வீட்டு வரைபடம் விழுந்தால், எவ்வளவு அழகான திட்டமானாலும் ஒப்புதல் கிடைப்பது கடினம்.